செப்டம்பர் 22: போர் வரலாற்றில்

செப்டம்பர் 22 சாதாரண ஆண்டின் 265-ஆம் நாள். போர் வரலாற்றில் இந்நாளுக்குரியனவாகக் குறிக்கப்படும் சம்பவங்களுள் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை. நானூறு ஆண்டுகளில் வெவ்வேறு கண்டங்களில் வெவ்வேறு காரணங்களால் நிகழ்ந்து, தேதி ஒன்றினாலேயே ஒரு பக்கத்தில் வந்து சேர்ந்தவை. ஆனால் 1914-ஆம் ஆண்டின் செப்டம்பர் 22 அவ்விதம் தற்செயலாகச் சேர்ந்ததன்று. வடகடல், வங்காள விரிகுடா, தென் பசிபிக் என்னும் மூன்று நீர்ப்பரப்புகளில் ஜெர்மானியக் கடற்படையின் கலங்கள், ஒன்றின் செயலை மற்றொன்று அறியாமலே, ஒரே பகலிரவுக்குள் நேச நாடுகளின் கடலாதிக்கத்தைத் தாக்கின. இந்நாளைப் பற்றிய கட்டுரை எதுவும் அதிக நேரம் தங்கி நிற்க வேண்டிய இடம் அதுவே.

இந்நாளின் பழைய சம்பவங்களுள் முக்கியமானது 1586-இல் நெதர்லாந்தின் ஸட்ஃபென் நகரருகே நடந்த போர். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து நின்ற டச்சு மாகாணங்களுக்குத் துணையாக லெஸ்டர் பிரபுவின் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, முற்றுகையிலிருந்த அந்நகருக்கு உணவு கொண்டு சென்ற ஸ்பானிய வண்டிகளை மறிக்க முயன்று தோல்வியுற்றது. அன்று தொடையில் குண்டு பாய்ந்த கவிஞர் சர் பிலிப் சிட்னி, தம் 31-ஆம் வயதில், அக்டோபர் 17-இல் ஆர்னெம் நகரில் காலமானார். தாகத்தால் தவித்த நிலையிலும் தமக்கு வந்த தண்ணீரை மரணத் தறுவாயிலிருந்த ஒரு சிப்பாய்க்கு அவர் கொடுத்துவிட்டார் என்னும் பிரசித்தி பெற்ற கதையைப் பரப்பியவர் அவர் நண்பர் ஃபுல்க் கிரெவில். அவரோ போர்க்களத்தில் இருந்தவரல்லர். தேதியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலிய நாட்காட்டியையே பின்பற்றிற்று. ஸ்பானியர் 1582-லேயே புதிய கிரிகோரி நாட்காட்டிக்கு மாறிவிட்டனர். ஆகவே ஆங்கிலேயர் செப்டம்பர் 22-இல் தோற்ற போரில் ஸ்பானியர் வென்றது அக்டோபர் 2-இல்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில், உளவறியச் சென்று பிடிபட்ட நேதன் ஹேல் என்னும் 21 வயது அதிகாரியை ஆங்கிலேயர் நியூயார்க்கில் தூக்கிலிட்டது 1776-இல் இதே நாளில். 1862-இல் அதே நாட்டின் உள்நாட்டு யுத்தத்தின்போது, அடிமை விடுதலைக்கான பூர்வாங்கப் பிரகடனத்தை ஜனாதிபதி லிங்கன் வெளியிட்டதும் இந்நாளே. அதற்கு ஐந்து நாட்கள் முன்னர் ஆன்டீட்டம் ஓடைக்கரையில், இரு தரப்பிலுமாகச் சுமார் 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்த ஒற்றை நாள் போருக்குப் பின், தென்னவர் தளபதி லீ பின்வாங்கினார். ஒரு வெற்றி கிட்டும் வரை வெளியிடுவதில்லையென்று மேசைக்குள் வைத்திருந்த பிரகடனத்தை லிங்கன் அப்போது எடுத்தார். கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டுமே செல்லுபடியான அது, சேனாதிபதி என்ற முறையில் அவர் இட்ட யுத்தகால ஆணை. அது 1863 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த பிறகு, யுத்தம் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் சேனையில் சேர்ந்தனர் என்பதைக் கருதினால், இதைப் போர் வரலாற்றில் சேர்ப்பது பொருத்தமே.

1914-இன் நாள் வடகடலில் விடிந்தது. டச்சுக் கரைக்கு அப்பால் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்னும் மூன்று பிரிட்டிஷ் குரூஸர்கள், ஒவ்வொன்றும் 12,000 டன் எடையுள்ள பழைய கப்பல்கள், பத்து நாட் வேகத்தில் வளைந்து திரும்பாமல் நேர்கோட்டிலே ரோந்து சென்றுகொண்டிருந்தன. மோசமான வானிலையால் காவல் நாசகாரிக் கப்பல்கள் உடன் வரவில்லை. காலை 6:20 மணியளவில், 500 டன்னுக்கும் குறைந்த யூ-9 என்னும் நீர்மூழ்கியிலிருந்து ஓட்டோ வெட்டிகென் செலுத்திய டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. கண்ணிவெடியில் மோதிவிட்டதாக நினைத்த அதன் தலைவர், மற்ற இரு கப்பல்களையும் அருகே வரும்படி அழைத்தார். தத்தளித்த தோழர்களை ஏற்றிக்கொள்ள நின்ற ஹோக் அவ்வாறு நின்ற நிலையிலேயே அடிபட்டது, கிரெஸ்ஸியும் தப்பவில்லை. ஆறு டார்பிடோக்கள்; ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்கள்; மாண்டவர் 1,459 பேர். அவர்களுள் பலர் குடும்பஸ்தர்களான ரிசர்வ் மாலுமிகள். சிலர் கடற்படைப் பள்ளியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட பதின்பருவச் சிறுவர். அச்சிறுவர்களுள் ஒருவன் அபூகிரிலிருந்து குதித்து நீந்தி ஹோக்கில் ஏறும் சமயத்தில் அதுவும் அடிபட, மீண்டும் நீந்திக் கிரெஸ்ஸியை அடைந்து, அதுவும் மூழ்கியபின் ஒரு மரத்துண்டைப் பற்றி மிதந்து, டச்சு மீன்பிடி படகு ஒன்றால் காப்பாற்றப்பட்டான். அடிபட்ட கப்பலுக்கு உதவப் பெருங்கப்பல்கள் நிற்கலாகாது என்ற கொடிய உத்தரவு அன்றைய அனுபவத்திலிருந்து பிறந்தது. தம் மக்களை மீட்க நின்றதே குற்றமாகிப்போன அந்தக் காலையைப் படிக்கையில் மனம் கனக்காமலிராது.

அதே நாளின் இரவு 9:30 மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே எம்டன் வந்து நின்றது. ஷ்பே என்னும் கடற்படைத் தளபதியின் கிழக்காசியப் படைப்பிரிவிலிருந்து ஆகஸ்டில் தனியே பிரிந்து வந்த அந்தக் குரூஸருக்குப் புகைபோக்கிகள் மூன்றே. யார்மத் என்னும் பிரிட்டிஷ் கப்பலைப் போலத் தோன்றுவதற்காக நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைப் பொருத்தி, அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்துவந்தார். கரையிலிருந்து சுமார் 3,000 கஜ தூரத்தில் தேடொளி விளக்குகளைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து அவர் சுட்ட குண்டுகள் சுமார் 130. தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் கப்பல் சேதமுற்றது, சிலர் உயிரிழந்தனர். கரைப் பீரங்கிகள் பதில் சுட்டும் பயனில்லாமல், கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதன் கிழக்குச் சுவரில் பதித்த நினைவுக்கல்லை இன்றும் காணலாம். பொருள் நஷ்டத்தைவிட மனக்கலக்கமே பெரிது: ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு நகரை விட்டு வெளியேறினர், விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்பது நம்மவர் நெடுங்காலம் போற்றிவந்த நம்பிக்கை. ஆனால் அச்சமயம் அவர் ஸூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை அமைக்கும் வேலையில் இருந்தார் என்பதால், அந்நம்பிக்கையை ஏற்பதற்கில்லை. அவருடைய தேசத்தொண்டுக்கு இக்கதையின் துணை தேவையுமில்லை.

சென்னையில் இரவாக இருந்த பொழுது தஹீதித் தீவின் பபீட்டேயில் அதே செப்டம்பர் 22-இன் காலை. ஓரிரு மணி நேர வித்தியாசத்தில், ஷ்பேயின் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைஸெனௌ என்னும் இரு பெருங்கப்பல்களும் நிலக்கரியைக் கைப்பற்ற அங்கே வந்தன. பிரெஞ்சுத் தளபதி தெஸ்திரமோ, கிடங்கிலிருந்த நிலக்கரிக்குத் தீ வைத்து, தம் சிறு பீரங்கிக் கப்பலான ஸெலேயையும் தாமே மூழ்கடித்துவிட்டார். ஜெர்மானியக் குண்டுகளால் கடைவீதி எரிந்தது. ஆனால் வந்த காரியம் கைகூடவில்லை.

வென்றவர்களும் நெடுநாள் நிலைக்கவில்லை. எம்டன் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அழிந்தது. ஷ்பே டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்து தீவுகளருகே தம் கப்பலோடு மூழ்கினார். வெட்டிகென் 1915 மார்ச்சில், டிரெட்நாட் போர்க்கப்பல் மோதியதால் தம் புதிய நீர்மூழ்கியோடு மறைந்தார்.

1965-இல் இந்திய–பாகிஸ்தான் யுத்தத்தை நிறுத்தும்படி செப்டம்பர் 20-இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 211-ஆம் தீர்மானத்தைப் பாகிஸ்தான் ஏற்றுக்கொண்டது 22-ஆம் தேதியே. போர் நிறுத்தம் அமலான நேரம் கிரீன்விச் கணக்கில் 22 இரவு 10 மணி. இந்தியக் கணக்கில் 23 அதிகாலை 3:30. இரு நூல்களில் இரு தேதிகள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

1980-இல் ஈராக் ஈரான் மீது படையெடுத்ததும் இந்நாளில். ஷத் அல் அராப் நதியின் எல்லையை வரையறுத்த 1975-ஆம் ஆண்டின் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைச் செப்டம்பர் 17-இல் ரத்துச் செய்த சதாம் உசேன், 1967-இல் இஸ்ரேல் செய்ததைப்போல முதல் அடியிலேயே எதிரியின் விமானப்படையை முடக்க எண்ணி, டெஹ்ரானின் மெஹ்ராபாத் முதலிய விமானத்தளங்களைத் தாக்கினார். உறுதியான காப்பறைகளில் இருந்த ஈரானிய விமானங்கள் பெரும்பாலும் தப்பி, மறுநாளே ஈராக்கைத் தாக்கின. சில வாரங்களில் முடியுமென்று தொடங்கிய யுத்தம் 1988 ஆகஸ்ட் 20 வரை நீடித்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், குவைத்தைக் கைப்பற்றிய ஆகஸ்ட் மாதத்திலேயே, தாம் ரத்துச் செய்த அந்த 1975 ஒப்பந்தத்தின் எல்லையைச் சதாம் மீண்டும் ஒப்புக்கொண்டார்.