நூறு கேள்விகளின் நெடும்பயணம்

1803-இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலப்பரப்பு எது? சூசன் பி. ஆன்டனி என்ன செய்தார்? உள்நாட்டுப் போருக்குக் காரணமான சிக்கல்களில் ஒன்றைச் சொல்லுங்கள். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவரிடம் மேசைக்கு எதிரே அமர்ந்த அதிகாரி இப்படித்தான் கேட்கிறார். கேள்விகள் எல்லாம் விடைகளோடு முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. யாரும் பணம் கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதெல்லாம் ஒரு தேர்வா என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. அப்படி நினைப்பவர்கள் இந்தப் பட்டியல் எங்கிருந்து கிளம்பி எப்படி வந்து சேர்ந்தது என்பதை அறிய வேண்டும்.

கிளம்பிய இடத்தில் தேர்வே இல்லை. 1790-இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் கேட்டவை கொஞ்சம்தான்: அடிமையாக இல்லாத வெள்ளையராக இருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நல்ல நடத்தை வேண்டும். 1795-இல் இரண்டு ஆண்டு ஐந்தாயிற்று. அரசியலமைப்பின் கொள்கைகளில் பற்றுள்ளவர் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இந்தப் 'பற்று' என்ற நிபந்தனையிலிருந்துதான் பிற்காலத்தில் கேள்விகள் முளைத்தன. ஒருவருக்குப் பற்று இருக்கிறதா என்பதை நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்? எதையாவது கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கேட்டவர்கள் குறைவு. ஊர்தோறும் இருந்த சிறிய நீதிமன்றங்கள்கூடக் குடியுரிமை வழங்கலாம். படிவமும் ஒன்றுபோல் இல்லை. தேர்தல் நெருங்கும்போது நியூயார்க்கில் கட்சிக்காரர்கள் புதிதாக வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப்போய்க் குடிமக்களாக்கி வாக்குச்சாவடிக்கு அனுப்பினார்கள். 1868-இல் நடந்த மோசடி நாடறிந்தது. இதற்கு முடிவுகட்டத்தான் 1906-இல் புதுச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே படிவம், மேற்பார்க்க ஒரு மத்திய அலுவலகம், விண்ணப்பிப்பவர் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற நிபந்தனை. வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. ஆனாலும் கேட்டார்கள். ஒரு நீதிபதி ஜனாதிபதியின் பெயரோடு விட்டுவிடுவார். இன்னோர் இடத்தில் பங்கர் ஹில் நினைவுத்தூணின் உயரம் என்ன என்று கேட்பார்கள். ஒரே நாடு, ஒரே சட்டம். எந்த ஊரில் எந்த நீதிபதி முன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவரின் வாழ்க்கை முடிவாயிற்று. படிக்க ஏதாவது வேண்டுமே என்று அரசே 1918-இல் ஒரு பாடநூலை அச்சிட்டு, அரசுப் பள்ளிகளின் மாலை வகுப்புகளுக்கு அனுப்பியது. பகலெல்லாம் ஆலையில் உழைத்தவர்கள் இரவில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

அந்த வகுப்பில் உட்கார நம்மவர்களுக்கு அனுமதி இருந்திருக்கலாம். தேர்வுக்கு நிற்க அனுமதி இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அமெரிக்க வரலாற்றைக் கரைத்துக் குடித்திருந்தாலும் பயனில்லை. கேள்வி கேட்கவே ஆள் இல்லை. 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம்.

கேள்விகள் இன்னும் நீதிபதியின் வாயிலேயே இருந்த அந்தக் காலத்தின் கடைசிக் காட்சி ஒன்றை அறிஞர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். 1947 டிசம்பர் 5. நியூஜெர்சியில் ட்ரென்டன் நகரம். தர்க்கவியலில் நூற்றாண்டின் பெரும் மேதையான கர்ட் கோடல் விசாரணைக்குப் போகிறார். சாட்சிகளாக இரண்டு நண்பர்கள்: பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டர்ன், இன்னொருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். கோடல் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். அமெரிக்கப் பழங்குடிகளிலிருந்து தொடங்கி, அவர் வசித்த பிரின்ஸ்டன் ஊரின் மேயர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதுவரை மாதக்கணக்கில் துருவித் துருவிப் படித்தார். அரசியலமைப்பை வரி வரியாக ஆராய்ந்தபோது அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்: சட்டப்படியே இந்த நாட்டில் சர்வாதிகாரம் வர முடியும்! நண்பர்கள் இருவரும் பதறிப்போய், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நீதிபதி பிலிப் ஃபோர்மன், கோடல் விட்டுவந்த ஆஸ்திரியாவில் என்ன வகை ஆட்சி இருந்தது என்று கேட்டார். குடியரசாக இருந்து சர்வாதிகாரமாக மாறியது என்றார் கோடல். நல்லவேளை, இங்கே அப்படி நடக்காது என்றார் நீதிபதி. நடக்கும், என்னால் நிரூபிக்க முடியும் என்று கோடல் தொடங்கிவிட்டார். 1940-இல் ஐன்ஸ்டைனுக்குக் குடியுரிமை உறுதிமொழி செய்துவைத்தவரும் இதே ஃபோர்மன்தான். அவர் புரிந்துகொண்டு, அதற்குள் போக வேண்டாம் என்று பேச்சை மாற்றினார். அடுத்த ஏப்ரலில் கோடல் அமெரிக்கக் குடிமகனானார்.

மோர்கன்ஸ்டர்ன் எழுதிவைத்த குறிப்பிலிருந்து இது தெரிய வருகிறது. பலரும் சிரிப்பதற்காகச் சொல்லும் கதை. எனக்கு அதில் தெரிவது வேறு. வந்தவரின் பக்கத்தில் ஐன்ஸ்டைன் நின்றார். நீதிபதி நல்லவராக இருந்தார். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு போலந்துக்காரருக்கு இந்த இரண்டும் வாய்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வரலாற்று அறிவு சட்டத்துக்குள் எழுத்தாக நுழைந்தது 1950-இல். கம்யூனிஸ்ட் அச்சம் உச்சத்தில் இருந்த நேரம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்த்து, ஆங்கிலம் எழுதப் படிக்கவும் அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றின் அடிப்படைகளை அறிந்திருக்கவும் வேண்டும் என்று விதித்தார்கள். 1952-இன் குடியேற்றச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டு சட்டங்களையும் ஜனாதிபதி ட்ரூமன் மறுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. 1952 சட்டம் ஒரு நல்லதையும் செய்தது: குடியுரிமைக்கு நிறம் ஒரு தடை என்பது அதோடு ஒழிந்தது.

இதே காலத்தில் தென் மாநிலங்களில் இந்தத் தேர்வின் பங்காளி ஒன்று கொடுமை செய்துகொண்டிருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வரும் கறுப்பின மக்களிடம் எழுத்தறிவுத் தேர்வு நடத்தினார்கள். அலபாமாவில் அரசியலமைப்பின் பகுதிகளைப் படித்து விளக்கச் சொன்னார்கள். ஆட்சிமுறை பற்றி நுணுக்கமாகக் கேட்டார்கள். எந்தப் பகுதி, எந்த விடை சரி, யார் தேறினார்கள் என்பதெல்லாம் பதிவு அதிகாரியின் விருப்பம். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களும் தோற்றார்கள், தோற்கடிக்கப்பட்டார்கள். அவர்கள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். அவர்களின் முன்னோர் உழைப்பில் எழுந்த நாடு அது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அந்தத் தேர்வுகளை நிறுத்தியது. விடைத்தாளை ஒளித்துவைத்துக்கொள்ளும் அதிகாரியின் கையில் எவ்வளவு நல்ல கேள்வியும் ஆயுதமாகிவிடும். குடியுரிமைக் கேள்விகள் பகிரங்கமாக இருப்பதை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

1986-இல் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமில்லாமல் வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமாகத் தங்கும் உரிமை பெற்றார்கள். இத்தனை பேரை ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அரசுப் பாடநூல்களிலிருந்து எடுக்கப்பட்ட நூறு கேள்விகள் பட்டியலாயின. கொடியின் நிறங்கள் எவை, யாத்ரீகர்கள் வந்த கப்பலின் பெயர் என்ன என்பவற்றோடு, குடியுரிமைக்கு எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதும் அதில் ஒரு கேள்வி! 2008 அக்டோபர் 1 முதல் திருத்திய நூறு வந்தது. அப்போது பத்துவரை கேட்டார்கள், ஆறு சொன்னால் போதுமாக இருந்தது.

பட்டியல் அச்சில் வந்ததும் அது உள்ளூர்க்காரர்கள் பக்கமும் திரும்பியது. அவர்களின் வரலாற்றறிவை அளந்து வருந்துவது பழைய வழக்கம். 1943-இல் நியூயார்க் டைம்ஸ் 7,000 கல்லூரி மாணவர்களைச் சோதித்தது. உள்நாட்டுப் போரின்போது லிங்கன்தான் ஜனாதிபதி என்பது நான்கில் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. 2018-இல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளை வைத்தே அமெரிக்கர்களைச் சோதித்தபோது மூன்றில் ஒருவர்தான் தேறினார். தேர்வெழுதும் குடியேறிகளிலோ பத்தில் ஒன்பது பேர் தேறுகிறார்கள். 2015-இல் அரிசோனா, உயர்நிலைப் பள்ளியை முடிக்க இந்த நூறில் அறுபதுக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது. பிற மாநிலங்கள் சிலவும் பின்தொடர்ந்தன.

பயணம் இன்னும் நிற்கவில்லை. 2020 டிசம்பரில் நூறு 128 ஆயிற்று. இருபது கேட்டு, பன்னிரண்டுக்கு விடை எதிர்பார்த்தார்கள். செனட்டர் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்ற கேள்விக்கு 'மாநிலத்தின் மக்கள் அனைவரையும்' என்றிருந்த விடை 'மாநிலத்தின் குடிமக்களை' என்று மாறியது. ஒரு சொல் மாற்றத்தில் இன்னும் குடிமக்களாகாத லட்சக்கணக்கானோர் கணக்கிலிருந்து விழுந்தார்கள். அடுத்த ஆட்சி வந்ததும் 2021 மார்ச்சில் பழைய பட்டியலுக்கே திரும்பினார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு மறுபடி 128, மறுபடி இருபதில் பன்னிரண்டு. ஆட்சிதோறும் இதை இழுத்துத் தள்ளுவது தவறு. தேர்வு கடினமாவதைவிட, படித்துக்கொண்டிருப்பவரின் காலடியில் அது நகர்வதுதான் அநீதி.

பிள்ளைகளோடு அமெரிக்காவில் பல்லாண்டாக வாழும் நம் முதியவர்கள் பலர், ஆங்கிலம் வராது என்று இந்தத் தேர்வின் பக்கமே போகாமல் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வயது 65 ஆகி, க்ரீன் கார்டோடு 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு இருபது கேள்விகள் கொண்ட தனிப் பட்டியல் இருக்கிறது. பத்து கேட்பார்கள், ஆறு போதும். மொழிபெயர்ப்பாளரோடு போய், விடைகளைத் தமிழிலேயே சொல்லலாம். அந்த இருபதையும் இன்றே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.