மூச்சைக் கவனித்த நகரம்

சிகந்தராபாத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணிப் புகை கூடமெங்கும் பரவியிருந்த வேளையில், எங்கள் நாய் திடீரென்று நின்ற இடத்திலேயே விறைத்து, முன்னங்கால்களை அகற்றிக் கழுத்தை நீட்டி, தும்மலை வெளியே விடுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் ‘ஹர்ர், ஹர்ர்’ என்று மூக்கால் காற்றை வாரி இழுக்கத் தொடங்கியதும், அதன் பிராணன் போய்விடும் என்றே நான் நடுங்கினேன். அதைப் பரிசோதித்த மிருக வைத்தியர், இதற்கு ரிவர்ஸ் ஸ்னீஸிங் என்று பெயர், தூசியோ புகையோ வாசனைத் திரவியமோ அண்ணத்தின் பின்புறத்தை உறுத்தும்போது வருவது, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தானே அடங்கிவிடும், பதறாமல் மூச்சைக் கவனியுங்கள் என்றார்.

நாயின் மூச்சைக் கவனிப்பதில், சிகந்தராபாத்தை ஒட்டிய இந்த ஹைதராபாத் நகரத்துக்கு ஒரு பெரிய பூர்வ சரித்திரம் உண்டு என்பதை நான் அறிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

1847-ல் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் என்ற வைத்தியர் குளோரோஃபாரம் என்னும் மயக்க மருந்தைப் பிரயோகத்துக்குக் கொண்டுவந்த சில வாரங்களிலேயே, 1848 ஜனவரியில், கால் நகத்தை எடுப்பதற்காக அந்த மருந்தை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் மாண்டுபோனாள். அன்று முதல், இம்மருந்து முதலில் இருதயத்தை நிறுத்துகிறதா, சுவாசத்தை நிறுத்துகிறதா என்ற விவாதம் வைத்திய உலகத்தை இரண்டு கட்சிகளாகப் பிளந்தது. லண்டன்காரர்கள் நாடியில் விரல் வைத்தார்கள். எடின்பரோவில் ஸைம் என்ற ஆசிரியரிடம் பயின்றவர்களோ மூச்சையே பார்த்தார்கள். அந்த ஸைமின் மாணாக்கரான எட்வர்ட் லாரி, ஹைதராபாத் பிரிட்டிஷ் ரெஸிடென்ஸியின் வைத்தியராகவும், 1846-ல் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் தலைவராகவும் இருந்து, குருவின் கொள்கையை நிரூபித்தே தீருவதென்று உறுதிபூண்டார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவோடு 1888-ல் முதல் குளோரோஃபாரம் கமிஷன் கூடியது. நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் அந்த மருந்துக்குப் பலியாயின. ஒவ்வொன்றிலும் மூச்சு முதலில் நின்று, இருதயம் பிறகே ஓய்ந்ததென்று கமிஷன் தீர்மானித்தது.

லண்டனில் ‘லான்ஸெட்’ பத்திரிகை இதை நம்ப மறுத்தபோது, நிஜாம் ஆயிரம் பவுன் செலவை ஏற்று, அப்பத்திரிகையின் பிரதிநிதியாக ஒரு நிபுணரை அனுப்பச் சொன்னார். லாடர் பிரண்டன் 1889-ல் வந்தார். நாய்களோடு குரங்குகள், குதிரைகள், ஆடுகள், பூனைகள், முயல்கள் என்று நானூறுக்கு மேற்பட்ட பிராணிகள் பரிசோதிக்கப்பட்டன. வந்தவரும் லாரியின் பக்கமே சாய்ந்தார். லாரியின் மாணவிகளில் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜி, நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதையே தம் ஆயுள் பணியாகக் கொண்டார். அக்காலத்தில் ஒரு ஸ்திரீ அப்பணியில் இறங்கியது இந்த நகரத்துக்குப் பெருமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் லாரி முழு உண்மையையும் கண்டுவிடவில்லை. 1911-ல் குட்மன் லெவி என்பவர், மயக்கம் அரைகுறையாக இருக்கும் தறுவாயில் இருதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதைப் பூனைகளைக் கொண்டு காட்டினார். அச்சத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் அதற்குத் துணை செய்கிறது; நாடிக்காரர்களும் அறவே தவறியவர்கள் அல்லர். எனினும், மயக்கம் கொடுப்பவரின் கண் ஒரு கணமும் சுவாசத்தை விட்டு நீங்கலாகாது என்ற வழக்கம் வலுப்பெற இந்த நகரம் துணைநின்றது. அந்த நாய்களின் உயிரை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.

இன்று எங்கள் நாய்க்கு அந்த இழுப்பு வந்தால், முதலில் சாம்பிராணித் தட்டை அப்புறப்படுத்தி, கழுத்துப் பட்டையைத் தளர்த்துகிறேன். நாக்கும் ஈறும் இளஞ்சிவப்பாகவே இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். நீலம் பாரித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, மூக்கில் ரத்தமோ சீழோ கண்டாலோ, வைத்தியரிடம் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், பக்கத்தில் அமர்ந்து தொண்டையை மேலிருந்து கீழாக மெல்லத் தடவுகிறேன். நாசித் துவாரங்களை ஓரிரு விநாடி விரலால் மூடினால் அது எச்சில் விழுங்கும், விழுங்கியதும் பெரும்பாலும் இழுப்பு நின்றுவிடும். பிறகு ஒருமுறை உடம்பை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தன் எலும்புத்துண்டைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. என் கைதான் இன்னும் சிறிது நேரம் அதன் விலாவின் மேலேயே, ஏறி இறங்கும் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறது.