தாங்கும் விலங்குகள்

அரசன் அமரும் இருக்கையை 'அரியணை' என்கிறோம். அரியாகிய சிங்கம் தாங்கும் அணை என்பது அச்சொல்லின் பொருள். உயர்ந்ததை விலங்கு தாங்குவதாகக் காட்டும் மரபு நமக்கே உரியதன்று. ஐரோப்பாவின் இடைக்காலக் கிறித்தவக் கோயில்களிலும் உலோகத்தில் வார்த்த எருதும் சிங்கமும் திருமுழுக்குத் தொட்டிகளைத் தாங்கி நின்றன. அவற்றுள் இரண்டை நம் நாட்டுச் செப்புத் திருமேனி ஒன்றோடு ஒப்புநோக்கி, தாங்குவதும் தாங்கப்படுவதும் வெவ்வேறு வரலாறு உடையன ஆதலைக் காட்டுவதே எம் நோக்கமாகும்.

பெல்சிய நாட்டு லியேஜ் நகரில், தூய பர்த்தலமேயு கோயிலிலுள்ள தொட்டி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பித்தளையால் வார்க்கப்பெற்றது. அதன் அடியில் எருதுகள் முன்னுடல் மட்டும் தோன்ற நிற்கின்றன. இவ்வமைப்பிற்கு மூலம் விவிலியமாகும். சாலமோன் மன்னன் எருசலேம் கோயிலில் அமைத்த பெரிய வெண்கலத் தொட்டியைத் திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு எருதுகள் தாங்கின என அந்நூல் கூறும். இடைக்கால உரையாளர் அவற்றைத் திருத்தூதர் பன்னிருவராகக் கொண்டனர். ஆகவே, எருதுகளின் எண் வெறும் அணியன்று, பொருளுடையது. லியேஜில் இன்று எஞ்சியவை பத்தே. தாங்குவன குன்றவே பொருளும் குன்றிற்று. எருசலேமிலும் ஆகாசு மன்னன் எருதுகளை அகற்றித் தொட்டியைக் கற்றளத்தின்மேல் வைத்தான் என்று அந்நூலே உரைப்பது கருதத்தக்கது.

ஆஸ்திரிய நாட்டுச் சால்சுபர்க்குப் பேராலயத்தில் நிலைமை இதற்கு மாறானது. அங்குள்ள தொட்டி 1321இல் செய்யப்பெற்றது. அதனைத் தாங்கும் வெண்கலச் சிங்கங்களோ 12ஆம் நூற்றாண்டின. தாங்குவன நிலைபெற, தாங்கப்படுவது பின்னர் வந்து சேர்ந்தது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். திருவெண்காட்டு இடபவாகனர் திருமேனி கல்வெட்டுச் சான்றால் 1011ஆம் ஆண்டினது எனத் துணியப்பெறும். முதலாம் இராசராசன் காலத்ததாகிய அது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. இடபம் இன்று இல்லை. தொட்டியைச் சுமத்தல் வேறு, இறைவன் சாய்ந்து நிற்கத் துணையாதல் வேறு என்பது உண்மையே. எனினும், இங்கும் விலங்கின்றி வடிவம் நிறைவுறாது. வெற்றிடத்தின்மேல் ஊன்றிய கை, இடபம் நின்ற பக்கத்தையும் அதன் உயரத்தையும் நமக்கு உணர்த்துகின்றது. மறைந்த விலங்கிற்கு எஞ்சிய திருமேனியே சான்றாகின்றது.

இவற்றால் அறியத்தக்கது ஒன்று உண்டு. பீடத்தின் காலத்தைக் கொண்டு திருமேனியின் காலத்தையோ, திருமேனியின் காலத்தைக் கொண்டு பீடத்தின் காலத்தையோ உறுதி செய்தல் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, பின்னரே இணைத்துக் காண வேண்டும். திருமேனிகளுக்கு விளக்கம் எழுதும் மாணவர், உள்ள உறுப்புகளோடு இல்லாத துணையின் சுவடுகளையும் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறியாதவழி, இடபம் இருந்த இடம் வெற்றிடமாகவே எஞ்சும்.