கொடுக்காப்புளி

கொடுக்காப்புளி என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம் ஆகும். கோணப்புளியங்காய் என்றும் இதனை அழைப்பர். ஆட்டையாம்பட்டியை உள்ளடக்கிய சேலம், நாமக்கல் சமவெளியில் காட்டு வேலிகளிலும் சாலையோரங்களிலும் வளர்வதால் உள்ளூர் மரமாகவே கருதப்படுகிறது. எனினும் இதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் ஆகும்.

வரலாறு

எசுப்பானிய வணிகக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே சென்றுவந்தன. எசுப்பானியரால் பிலிப்பைன்சை அடைந்த இம்மரம் பின்னர் இந்தியாவுக்கு வந்தது. இந்தப் பயணத்தின் தடம் பெயர்களில் தெரிகிறது. மெக்சிக்கோவின் 'குவாமுச்சில்' பிலிப்பைன்சில் 'கமச்சிலே' ஆயிற்று. ஆங்கிலேயர் 'மணிலாப் புளி' என்றனர். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்சுபர்க், இனிப்பு எனப் பொருள்படும் 'டல்சிசு' என்ற பெயரை இதற்குச் சூட்டினார். 1844 இல் சார்ச்சு பெந்தம் இதைப் 'பித்தெசெல்லோபியம்' பேரினத்தில் சேர்த்தார். சுருண்ட காயைக் கருதிய இச்சொல்லுக்குக் 'குரங்கின் காதணி' என்பது பொருள்.

பயன்கள்

முட்கள் கால்நடைகளைத் தடுப்பதால் இது உயிர்வேலியாக நடப்பட்டது. வெட்டிய கிளைகளின் தழை ஆடுகளுக்குத் தீவனமாகவும், கட்டை விறகாகவும் பயன்பட்டன. வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துகின்றன. கருநிற விதைகளைச் சூழ்ந்த வெண்ணிற அல்லது இளஞ்சிவப்புச் சதை துவர்ப்பு கலந்த இனிப்புடையது.

வளர்ப்பு

வறட்சியைத் தாங்கும் இம்மரம் விதையிலிருந்து எளிதில் முளைக்கும். பழத்தைத் தின்னும் பறவைகளும் விதையைப் பரப்புகின்றன. ஆனால் விதைக்கன்றுகளின் பழச்சுவை மரத்துக்கு மரம் மாறுபடும். எனவே பழத்துக்காக வளர்ப்போர், இனிப்பான மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றுகளை நடுகின்றனர். கம்பிவேலி வந்தபின் உயிர்வேலியின் தேவை குறைந்தது. வேலியோரத்தில் சிறுவர்கள் துரட்டியால் பறித்துத் தின்ற காய், இன்று சந்தையில் எடைபோட்டு விற்கப்படுகிறது.