ஆறேகால் பைசாவும் ஆயிரத்து இருபத்துநாலும்

1957 மார்ச் 31 வரைக்கும் பொள்ளாச்சி வெல்ல மண்டியில் ஒரு ரூபாய் என்றால் பதினாறு அணா, அறுபத்துநாலு காலணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி. மறுநாளிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. நூறு பதினாறால் மீதியில்லாமல் வகுபடாது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வரும். அந்தக் கால் பைசா கொடுப்பவன் தலையிலா, வாங்குபவன் தலையிலா?

என் அப்பா அப்போது மண்டியில் கணக்குப்பிள்ளை. "பணம் அதேதான், எண்ணுற விதந்தான் மாறுச்சு. அதுக்கே அத்தனை சண்டை" என்பார். நான் அதே ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சண்டை என் கடைக்கும் வந்தது.

"ஏனுங்ண்ணா, டப்பாவுல ஐந்நூறு ஜிபின்னு போட்டிருக்குது. மாட்டிப் பாத்தா நானூத்தி அறுபத்தஞ்சுதான் காட்டுது. மீதி முப்பத்தஞ்சு எங்கீங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. ஹார்ட் டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஐம்பதாயிரம் கோடி பைட் தருகிறார். விண்டோஸ் அதையே 1024, 1024 என்று மூன்று தடவை வகுத்து 465 என்கிறது. இரண்டு பேர் கணக்கும் சரி. இரண்டுக்கும் 'ஜிபி' என்று ஒரே பெயர் வைத்ததுதான் கோளாறு.

இந்த இரட்டைக் கணக்கு எங்கள் சந்தைக்குப் புதிதல்ல. பழைய முகத்தலளவையில் படியிலிருந்து ஆழாக்குவரை பாதி பாதியாக இறங்கும். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆகவே எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டு பிட் ஒரு பைட் என்று காலேஜ் பையன்கள் படிக்கும்போது எனக்கு ஆழாக்குதான் ஞாபகம் வரும். தானியத்தையோ எண்ணெயையோ சரிபாதியாகப் பிரிப்பது சுலபம். பத்தாகப் பிரிப்பது கஷ்டம். கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான். ஒரு மின்சுற்றில் இரண்டே நிலை. நினைவகத்துக்கு ஒரு முகவரிக் கம்பி கூடினால் இடம் இரட்டிக்கும். பத்துக் கம்பிக்கு 1024 இடம். அது ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் 'கிலோ' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

நிறுத்தலளவையில் எட்டும் ஐந்தும் கலந்து வரும். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். பலத்திலிருந்து பாரத்துக்குப் போக 6,400-ஆல் பெருக்க வேண்டும். அப்பா அதை மனதிலேயே போடுவார். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோ கடைகளுக்குள் நுழைந்தது. அதே 1956-இல்தான் அமெரிக்காவில் ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ் 'பைட்' என்று பெயர் வைத்தார். இங்கே நாம் பதினாறை விட்டுப் பத்துக்கு வந்தோம்; அங்கே அவர்கள் இரண்டின் பக்கம் போனார்கள்.

சின்ன அளவுகளில் நம்மவர்கள் போன தூரம் அதிகம். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. அதற்கும் கீழே போக 'கீழ்' சேர்த்தால் போதும். ஒவ்வொரு 'கீழ்'க்கும் இன்னொரு 320-ஆல் வகுக்க வேண்டும். கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை நிலக்கணக்கு இருக்கிறது. இன்றைய வேலிக்கு அது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். யாரும் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. வகுத்து வகுத்து வந்த ஏட்டுக்கணக்கு அது.

1,02,400 என்பது நூறு 1024. 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, அதை ஐம்பதாயிரத்தால் பெருக்கினால் அந்தக் கல்வெட்டு எண் பிசகாமல் வரும். உடனே ராஜராஜன் கம்ப்யூட்டர் வைத்திருந்தான் என்று வாட்சாப்பில் அனுப்பிவிடாதீர்கள். 320 என்பது அறுபத்துநாலு ஐந்து. அதற்குள் ஆறு தடவை பாதியாக்கும் கணக்கு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துத்தான் தரகர்கள் விலை பேசுவார்கள். பிடித்த விரல் நூறா, ஆயிரமா என்று துண்டு சொல்லாது. முன்னால் நிற்கிற மாடு சொல்லும். கிலோபைட் காலத்தில் கம்ப்யூட்டர்காரர்களும் இப்படித்தான் ஓட்டினார்கள். வித்தியாசம் நூற்றுக்கு 2.4 தானே என்று விட்டுவிட்டார்கள். மெகாவில் அது 4.9 ஆனது, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய பத்து. 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கென்று கிபிபைட் (KiB), மெபிபைட் (MiB), ஜிபிபைட் (GiB) எனத் தனிப் பெயர்கள் வைத்தது. ஆப்பிள் 2009-இல் மேக் கணினியில் ஆயிரம் கணக்குக்கு மாறியது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே போடுகிறது.

பெரிய எண்களுக்கான பெயர்களும் நின்றபாடில்லை. 2022 நவம்பரில் எடை அளவைகளுக்கான சர்வதேச மாநாடு ஒன்றுக்குப் பின் முப்பது பூஜ்யம்வரை போகும் ரொன்னா, குவெட்டாவைச் சேர்த்தது. கீழ்ப்பக்கம் அதே அளவுக்கு ரொன்டோ, குவெக்டோ. உலகத்தில் சேரும் தரவு, இருந்த பெயர்களைத் தாண்டிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அளவு மாறும்போதெல்லாம் நஷ்டம் கேள்வி கேட்காதவனுக்குத்தான். டிஸ்க் வாங்கினால் ஆயிரம் கணக்கா, 1024 கணக்கா என்று கேளுங்கள். இன்டர்நெட்டுக்குப் பணம் கட்டும்போது நூறு மெகா என்றால் பிட்டா, பைட்டா என்று கேளுங்கள். பிட் என்றால் எட்டால் வகுக்க வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும்.