பழைய கணிப்பொறியும் நம் ஆவணமும்

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டு வந்தார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. ‘பறையன்’ முழுத் தொகுப்பாக நம் கைக்கு வந்து சேரவில்லை. ‘தமிழன்’ வந்தது. யாரோ சிலர் வீட்டுப் பெட்டியில் அதைக் கட்டிக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அதை நூலாக்கத் தொடங்கியது. ஒன்று போனதற்கும் மற்றொன்று நின்றதற்கும் எழுத்தின் தரமா காரணம்? எடுத்து வைக்க ஆள் இருந்ததா என்பதுதான் காரணம். காகிதத்தில் நடந்த இந்தக் கதை இன்று கணிப்பொறிக் கோப்புகளில் மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறது.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து பெருகிய காலமும், சிற்றூர்களில் டி.டி.பி. மையங்கள் முளைத்த காலமும் ஒன்று. ‘கருக்கு’ 1992இல் மதுரையில் வெளிவந்தது. அதை எழுதிய பாமாவுக்கு நம் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிதான் ஊர். ‘தலித் முரசு’ 1997இல் தொடங்கியது. அதற்கு முன் ஓர் இதழ் கொண்டுவர வேண்டுமானால் அச்சாபீஸ்காரர் தயவு வேண்டும். ஈய எழுத்தும் டிரெடிலும் அவரிடம். “இதையெல்லாம் இங்க அடிக்க முடியாதுப்பா” என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு சரி. டி.டி.பி. வந்தபின் ஒரு கணிப்பொறியும் ஒரு லேசர் பிரிண்டரும் போதும் என்றாயிற்று. பக்கத்தை நாமே கட்டலாம். பட்டர் சீட்டில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினால் சிவகாசி. பிளேட் போட்டு ஆப்செட்டில் ஓட்டிக்கொண்டு திரும்பலாம். சாதியை மீறிய விடுதலை என்று இதை மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் கேட்டு நிற்க வேண்டிய கதவுகளில் ஒன்று குறைந்தது உண்மை.

அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை கட்டப்பட்டது பேஜ்மேக்கரில். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் மெக்கிண்டோஷ் கணிப்பொறிக்காக வெளியிட்ட மென்பொருள் அது. 1994இல் ஆல்டஸை அடோபி எடுத்துக்கொண்டது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. 2004இல் இனி வளர்க்கப்போவதில்லை என்று அடோபி அறிவித்துவிட்டது. முதலாளிக்கு லாபம் இன்டிசைனுக்கு மாறிவிட்டது. நம் எழுத்து பேஜ்மேக்கரிலேயே கிடக்கிறது.

சிக்கல் மென்பொருளோடு முடியவில்லை. எழுத்துருவிலும் இருக்கிறது. அன்றைய எழுத்துருக்களில் 256 இடங்கள்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைத்தார்கள். ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கோப்பில் கிடக்கும். பாமினி இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். இதே சொல் இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் வேறு எழுத்துகளாய்க் கிடக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களைக் கொண்டுவந்தது. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாலும் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். இடைப்பட்ட அத்தனை ஆண்டு எழுத்தும் இந்த 256 அறைக்குள் அடைபட்டுள்ளது.

“அதான் அச்சாயிருச்சே, கோப்பு எதுக்கு?” என்று கேட்கிறார்கள். அச்சானவை சில நூறு பிரதிகள். பல நூலகங்கள் இவற்றை வாங்கியதே இல்லை. கரையான் தின்றது போக மிச்சம் எவ்வளவு? அச்சாகாதவை அதைவிட முக்கியம். 1995 கொடியங்குளம், 1997 மேலவளவு, 1999 தாமிரபரணி என்று ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும் வாக்குமூலங்கள் எடுக்கப்பட்டன, அறிக்கைகள் தட்டச்சாயின. நம் விருதுநகர் மாவட்டத்தில் 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றது சாதித் திமிர். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அந்த நாள்களின் துண்டறிக்கையும் இடமில்லாமல் வெட்டிய பக்கங்களும் எங்காவது இருக்குமென்றால் பழைய பிளாப்பியிலும் சி.டி.யிலும்தான்.

செட்டியார்பட்டியில் தோழர்கள் இப்படிக் கிடந்தவற்றைத் திரட்டி வைத்துக்கொண்டு, திறந்து பார்க்க ஒரு கணிப்பொறி தேடுகிறார்கள். கடைக்காரரோ, “அதெல்லாம் எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிருங்க அண்ணாச்சி, பழச வச்சு என்ன செய்யப் போறீக?” என்கிறாராம். புதிய இயந்திரத்தில் பிளாப்பிக்கு வாயே இல்லை. விண்டோஸ் 11, 64 பிட் மட்டுமே. பழைய 16 பிட் நிரல் எதையும் அது தொடாது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் 2012இல் வந்த சி.எஸ்.6. அடோபி தன் பழைய டைப் 1 எழுத்துருக்களைக் கூட 2023இல் கைவிட்டுவிட்டது.

ரொம்பப் பழையதும் உதவாது. விண்டோஸ் 98 இயந்திரம் பென்டிரைவை ஏற்கப் பாடுபடுத்தும். நமக்கு வேண்டியது இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்பது: 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பென்டியம் 4, அல்லது தொடக்கக் கால கோர் 2 டியோ. பேஜ்மேக்கர் 6.5, 7.0 இரண்டும் அதில் ஓடும். நினைவகம் ஒரு ஜி.பி. தாராளம். பிளாப்பி டிரைவ், சி.டி. டிரைவ், யு.எஸ்.பி. மூன்றும் இருக்கணும். சில எழுத்துருத் தொகுப்புகள் பூட்டுச் சில்லு செருகினால்தான் வேலை செய்யும். அது பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகுவது என்றால் அந்த போர்ட்டும் வேண்டும். வாங்குமுன் மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் பலகைகளுக்கு அது பெரிய வியாதி.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்பை நிறுத்திவிட்டது. எனவே இந்த இயந்திரம் இணையத்தோடு சேரக்கூடாது. நமக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. வாக்குமூலம் தந்தவர்களின் பெயரும் தெருவும் இந்தக் கோப்புகளில் உள்ளன. இன்றும் அதே ஊரில், அதே ஆதிக்க சாதிக்காரர் வயலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் எதையும் வெளியே விடும் உரிமை நமக்கில்லை.

கோப்பைத் திறக்குமுன் படி எடுத்து, படியில் மட்டும் வேலை செய்ய வேண்டும். எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்றைப் போடட்டுமா என்று பேஜ்மேக்கர் கேட்கும். சம்மதிக்காமல் வெளியே வந்து உரிய எழுத்துருவைத் தேட வேண்டும். படங்கள் பெரும்பாலும் கோப்புக்கு வெளியே தனியாகத்தான் இருக்கும். அவற்றையும் சேர்த்தெடுக்க வேண்டும். பிறகு மூன்றாகக் காப்பது நல்லது: மூலக் கோப்பு எழுத்துருவோடு, பக்கம் பார்த்தபடியே இருக்கப் பி.டி.எப்.; தேடவும் மறுபடி அச்சிடவும் யூனிகோடுக்கு மாற்றிய பாடம். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் மாற்றித் தரும். மெய்ப்பை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தை எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம். எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் அன்றைய டி.டி.பி. ஆப்பரேட்டர்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்த பெண்கள் அவர்களில் ஏராளம். நம் எழுத்தில் எத்தனையோ அவர்கள் விரல் வழியாக வந்தவை. இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இன்று அவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கணிப்பொறி வாங்கக் காசு சேர்க்கும் தோழர்கள் முதலில் அவர்களைத் தேடிப் போக வேண்டும். உரிய கூலி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். இந்தமுறை அவர்கள் பெயரையும் போட்டு அச்சிட வேண்டும்.