மரமின்றி எழுந்த வளைகூரை

வளைவு என்பது வீட்டுக்கு ஓர் அணி என்றே இக்காலத்தார் பலரும் கருதுவர். கூடத்துக்கும் உண்ணும் அறைக்கும் இடையே வில்போல் வளைந்த வாயில் அமைப்பதும், தட்டையான கான்கிரீட் தளத்தின் அடியில் ஜிப்சம் பலகையை வளைத்துப் பொருத்தி அதனுள் விளக்குகளை மறைத்து வைப்பதும் இன்று பெருவழக்காகிவிட்டன. அவ்வளைவுகள் எதனையும் தாங்குவதில்லை. அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டாலும் வீடு நிற்கும்.

எடுத்துவிட்டால் வீடே நில்லாத வளைவும் உண்டு. நைல் ஆற்றங்கரையில் எளிய மக்கள் தம் வீட்டின்மேல் எழுப்பிய மண் வளைகூரை அத்தகையது. மரம் இல்லாத குறையை வெல்வதற்கு அவர்கள் கண்ட வழி அது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த அக்கலை கற்றோர் கண்ணில் படாமல் கிடந்ததும், ஒருவர் அதனைத் தேடிச் சென்று கண்டதும், கண்ட பின்னரும் அது பட்ட பாடும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறாகும்.

மரமில்லா நாடு

எகிப்து மழை அரிய நாடு. காடு இல்லாத நாடு. அங்கு வளரும் கருவேலும் அத்தியும் பேரீச்சையும் நீண்ட, உறுதியான உத்திரத்துக்கு ஏற்றவை அல்ல. பண்டை மன்னர் நல்ல மரம் வேண்டியபோது லெபனான் மலைகளிலிருந்து தேவதாரு மரங்களைக் கடல்வழியே தருவித்தனர். மன்னருக்கு அது இயலும், உழவனுக்கு இயலுமா? அவனுக்குத் தாராளமாகக் கிடைத்தவை ஆற்று வண்டலும் வைக்கோலுமே. இரண்டையும் குழைத்து, அச்சிலிட்டு, வெயிலில் உலர்த்தினால் பச்சைச் செங்கல் ஆகும். அதற்குச் சூளையும் வேண்டா, விறகும் வேண்டா.

சுவருக்குப் பச்சைச் செங்கல் போதும். கூரைக்கு என் செய்வது? செங்கல் தன்மேல் ஏறும் பாரத்தை அழுந்திக்கொண்டு தாங்கும். தன்னை இழுத்து வளைக்கும் விசையைத் தாங்காது. ஆதலின் இரு சுவர்களுக்கு இடையே செங்கற்களைத் தட்டையாக அடுக்கினால் அவை நடுவே விரிசல் கண்டு விழும். அவற்றையே வில்வடிவில் அடுக்கினால் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்தும். பாரம் வளைவின் வழியே இறங்கிச் சுவரை அடையும். அழுத்தம் மட்டுமே இருக்கும், இழுப்பு இராது. இதுவே வளைவின் மறைபொருள்.

எல்லா வளைவும் ஒன்றல்ல. அரைவட்டத்தைவிட, உயர்ந்து கூம்பி இறங்கும் வளைவே மண்ணுக்கு ஏற்றது. 1675-இல் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு ஒரு விதி கண்டார். இரு முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி ஒரு வடிவம் கொள்ளும். அவ்வடிவைத் தலைகீழாக்கினால் அதுவே உறுதியான வளைவு என்பது அவ்விதி. தம் கண்டுபிடிப்பைப் பிறர் கவர்ந்துகொள்ளாதிருக்க அவர் எழுத்துகளை இடம் மாற்றிப் புதிராக அச்சிட்டார். ஆனால் அந்த வடிவத்தை ஏறத்தாழ அப்படியே, எழுத்தறியாத கொத்தர்கள் நைல் கரையில் கண்ணளவாகவே வரைந்து வந்தனர்.

தீபஸ் நகரின் மேற்குக் கரையில், கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராம்சேசு மன்னனின் நினைவுக் கோயில் உள்ளது. அதன் கற்றூண்கள் பல சரிந்துவிட்டன. கோயிலைச் சூழ்ந்திருக்கும் பண்டகசாலைகளின் மண் வளைகூரைகளோ சில இடங்களில் இன்றும் நிற்கின்றன. பச்சைச் செங்கல் மூவாயிரத்து இருநூறு ஆண்டு நின்றது என்றால் வியப்பன்றோ!

அஸ்வானில் ஒரு பாடம்

1900-இல் அலெக்சாண்டிரியாவில் பிறந்த ஹசன் ஃபத்தி என்னும் எகிப்தியக் கட்டடக்கலைஞர் நாட்டுப்புற உழவருக்கு மலிவான நல்ல வீடு கட்டித் தர விரும்பினார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மரமும் எஃகும் கிடைப்பது அரிதாயிற்று. உழவரைப் போலவே மண்ணால் கட்டுவது என்று அவர் துணிந்தார். கெய்ரோவுக்கு அருகில் பஹ்தீம் என்னும் ஊரில் ஒரு பண்ணையில் சுவர்கள் எழும்பின. கூரைதான் சிக்கலாயிற்று. வளைவு கட்டுவதற்கு அடியில் மரச்சட்டம் வேண்டும் என்பதே கல்லூரிகள் கற்பித்த பாடம். மரமே இல்லாதபோது சட்டம் ஏது? சட்டமின்றிக் கட்டிப் பார்த்த வளைவுகள் இடிந்து விழுந்தன.

நாட்டின் தென்கோடியில் நூபியர்கள் சட்டம் இல்லாமலே வளைகூரை கட்டுகின்றனர் என்ற செய்தியை அவருடைய தமையனார் கூறினார். 1941-இல் ஃபத்தி அஸ்வானுக்குச் சென்றார். ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஊரில், வெள்ளை பூசிய உயர்ந்த வீடுகள் வரிசையாக நிற்பதைக் கண்டார். வளைகூரையும் குவிமாடமும் அங்குச் சாதாரணக் குடியானவர் வீட்டில் இருந்தன. அக்கலை அறிந்த கொத்தர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் கட்டுவதை அருகிருந்து நோக்கினார்.

அவர்கள் செய்முறை இது. அறையின் மூன்று பக்கச் சுவர்களை மட்டமாக நிறுத்திவிட்டு, பின்சுவரை மட்டும் உயர எழுப்புவர். பக்கச் சுவர்களின்மேல் ஒரு பலகையைக் குறுக்கே இட்டு இரு கொத்தர் ஏறி நிற்பர். பின்சுவரில் சேற்றை அப்பி, கண்ணளவாக ஒரு வளைவு வரைந்து, வாய்ச்சியால் செதுக்கி ஒழுங்கு செய்வர். பின்பு பக்கத்துக்கு ஒருவராக முதற்கல்லை வைப்பர். கல்லை நேராக நிறுத்துவதில்லை. அடியில் சேற்றை ஆப்புப்போல் இட்டு, பின்சுவரின்மேல் சாய்த்து வைப்பர். அடுத்தடுத்த வரிசைகளும் அவ்வாறே சாய்ந்து ஏறும். சில வரிசைகளுக்குப் பின் இரு பக்கமும் உச்சியில் கூடும். முழு வளைவு தோன்றும். அதற்குமேல் வரும் ஒவ்வொரு வளைவும் தனக்கு முந்திய வளைவின் சாய்ந்த முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் கீழே தாங்குவதற்கு எதுவும் வேண்டா.

கல்லும் அதற்கென்றே செய்யப்பட்டது. வழக்கமான கல்லைவிட வைக்கோல் மிகுதியாகச் சேர்த்ததால் அது எடை குறைந்தது. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமும் 15 அகலமும் 5 கனமும் உடையது. ஈரமாக இருக்கும்போதே அகன்ற முகத்தில் விரல்களால் கோடு இழுத்திருப்பர். அக்கோடுகளில் சேறு பற்றிக்கொள்வதால் சாய்ந்த கல் வழுக்கி விழாது. தூக்குக்குண்டும் அளவுகோலும் இல்லாமல், ஒரு வாய்ச்சியும் கைகளும் கொண்டு ஓர் அறைக்குக் கூரை முடிந்தது. பட்டம் பெற்றவருக்கு விளங்காத சிக்கலைப் பள்ளி காணாதவர்கள் தீர்த்து வைத்திருந்தனர். ஃபத்தியின் பெருமை, அதனைத் தயங்காமல் ஒப்புக்கொண்டு அக்கொத்தர்களையே ஆசிரியராக அழைத்து வந்ததில் உள்ளது.

வீட்டின் உள்ளே

வளைகூரை வீட்டின் அகத்தையும் மாற்றிவிடுகிறது. உத்திரம் இல்லாமையால் முகடு ஒரே பரப்பாக மேலெழும். சிறிய அறையும் நெருக்கமாகத் தோன்றாது. ஃபத்தி தம் வீடுகளில் குவிமாடம் மூடிய ஒரு சதுர அறையை நடுவில் வைத்தார். அதன் பக்கங்களில் வளைகூரை மூடிய மாடங்களை இணைத்தார். நடு அறை மக்கள் கூடி இருப்பதற்கு. மாடங்கள் படுப்பதற்கும் பொருள் வைப்பதற்கும் உரியவை. சுவரோடு சேர்ந்த மண் திண்ணையே கட்டில் ஆயிற்று. தேள் ஏறாதபடி அதன் விளிம்பைப் புறந்தள்ளி அமைத்ததும் உண்டு. அறைக்கும் மாடத்துக்கும் இடையே உள்ள வளைவு கதவின்றியே இரண்டையும் பிரித்துக் காட்டியது. அறைகள் ஒன்றையொன்று அண்டி நிற்பதால் ஒரு வளைகூரை வெளியே தள்ளும் விசையை அடுத்த அறை தாங்கிக்கொண்டது. இவ்வாறு அழகும் உறுதியும் பயனும் ஒரே கோட்டில் அமைந்தன.

வெப்பத்திலும் அதனால் நன்மை உண்டு. வளைந்த கூரையின் ஒரு பகுதி பெரும்பாலான நேரம் நிழலில் இருக்கும். அகத்தே வெப்பக்காற்று உச்சிக்கு ஏறிவிடும். கனத்த மண் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. 1964-இல் கெய்ரோவில் மாதிரி அறைகள் கட்டிச் சோதித்தனர். மண் வளைகூரை அறையில் ஒரு நாள் முழுவதும் வெப்பநிலை இரண்டு பாகை செல்சியசுக்கு மேல் மாறவில்லை. வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஆன அறையிலோ வெப்பம் 36 பாகையை எட்டியது.

ஆளில்லா ஊர்

இவ்வளவு நன்மை உடைய வீட்டை மக்கள் விரும்பி ஏற்றனரா? இங்குதான் வரலாறு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பிக்கிறது.

தீபஸ் கல்லறைக் குன்றின்மேல் குர்னா மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்தனர். பண்டைக் கல்லறைகள் அவர்கள் வீடுகளின் அடியிலேயே இருந்தன. அங்கிருந்து பழம்பொருள்கள் களவு போவதைத் தடுக்க, ஏறத்தாழ ஏழாயிரம் மக்களையும் சமவெளிக்கு மாற்ற எகிப்தியத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. புதிய குர்னா என்னும் ஊரை அமைக்கும் பணி 1945-இல் ஃபத்தியிடம் வந்தது. மசூதி, சந்தை, நாடக அரங்கு, பள்ளி, வீடுகள் எல்லாம் மண்ணாலும் வளைவாலும் எழுந்தன. 1948-இல் வேலை நடுவிலே நின்றது. குன்றின் மக்களில் பெரும்பாலோர் இறங்கி வரவில்லை.

அவர்களுடைய பிழைப்பு குன்றில் இருந்தது. கல்லறை காண வரும் வெளிநாட்டாரும், விற்பதற்குரிய பழம்பொருளும் அங்கேதான். இதற்குமேல், எகிப்திய நாட்டுப்புறத்தில் குவிமாடம் இறந்த பெரியோரின் அடக்கத்தலத்துக்கு உரியது. உயிரோடு இருப்பவர் அதன்கீழ் உறங்க மனம் கொள்ளவில்லை என்றும் கூறுவர். அஸ்வானில் வீடாக இருந்த வடிவம் குர்னாவில் கல்லறையாகத் தோன்றியது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று; அதில் வாழ்வோரின் தொழிலும் நினைவும் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஃபத்தி அவ்வனுபவத்தை மறைக்காமல் 1969-இல் நூலாக வெளியிட்டார். 1973-இல் அது சிகாகோவில் மறுபதிப்புப் பெற்று உலகெங்கும் படிக்கப்பட்டது. அவர் 1989-இல் மறைந்தார். புதிய குர்னாவின் வீடுகள் பல பின்னாளில் ஈரத்தாலும் இடிபாட்டாலும் அழிந்தன. குடும்பங்கள் பெருகியபோது சிலர் இடித்துக் கான்கிரீட்டால் கட்டிக்கொண்டனர்.

மூழ்கிய ஊர்கள்

கலையைக் காத்த நூபியர் நிலை என்ன ஆயிற்று? 1902-இல் முடிந்த பழைய அஸ்வான் அணை பின்னர் இருமுறை உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நீர் ஏற ஏற, நூபியர் மேட்டுக்கு ஏறிப் புது வீடு கட்டிக்கொண்டனர். வடபகுதியினர் வளைகூரையை விடவில்லை. பெண்கள் சுவர்களில் வண்ணக்கோலம் தீட்டினர். வாயிலின் மேல் பீங்கான் தட்டுகளைப் பதித்தனர். 1960-இல் தொடங்கிய பேரணையோ மேட்டையும் விட்டுவைக்கவில்லை. 1963, 1964 ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கோம் ஓம்போ பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அரசு கட்டித் தந்த வீடுகள் தட்டைக்கூரை உடையவை, ஒரே வடிவின, வரிசை வரிசையாக நின்றவை. வளைவு கட்டும் கைகளுக்கு அங்கு வேலை இல்லை. ஃபத்தி பாடம் கேட்ட ஊர் அணைக்கு வடக்கே இருந்ததால் நீரில் மூழ்காமல் தப்பியது.

ஆயினும் கலை முற்றும் மாயவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காடு அருகி, கூரைக்கு மரம் கிடைக்காத நிலை வந்தது. மக்கள் தகரம் வாங்கி வேய்ந்து வெப்பத்தில் வாடினர். 1998 முதல் அங்குள்ள உழவர் சிலர் நூபிய முறையைக் கற்று, மண்ணாலேயே கூரை எழுப்பி வருகின்றனர். தமிழ்நாட்டில், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டடக்கலை நிலையமும் அம்முறையை ஆராய்ந்து வளர்த்தது. செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்திய கற்களைக் கொண்டு அடிச்சட்டமின்றி வளைகூரை எழுப்பும் வழியை அங்குப் பயிற்றுவிக்கின்றனர். அழுத்திய மண்கற்களால் கட்டிய ஆரோவில் வருகையாளர் நிலையத்துக்கு 1992-இல் ஹசன் ஃபத்தியின் பெயரால் அமைந்த விருது வழங்கப்பட்டது. நைல் கரைக் கொத்தரின் புகழ் இவ்வாறு தமிழகத்துச் செம்மண்ணையும் வந்து சேர்ந்தது.

நூலில் எழுதப்பட்ட அறிவு அழிந்தாலும் வேறோர் ஏட்டில் மீண்டும் கிடைக்கலாம். கையில் வாழும் அறிவு கையோடு போகும். அஸ்வானுக்கு ஒருவர் சென்றிராவிடின், அச்சாய்ந்த கல்லின் நுட்பம் நீரோடு போயிருத்தலும் கூடும். வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சிறு சங்கிலியைக் கரும்பலகையின்மேல் தொங்கவிட்டு, அதன் வடிவை ஒரு தாளில் வரைந்து, தாளைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டலாம். ஹூக்கின் விதி மாணவருக்கு உடனே விளங்கும். அப்போதே, அக்கோட்டைச் சங்கிலி இல்லாமல் சேற்றில் வரைந்த கொத்தரையும் சொல்லிவிடுதல் நன்று.